நின்றுபோன காரைத் தூக்கிச் செல்லும் சிறு வண்டி!
காரிமங்கலத்தில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினால் குடும்பம் பிழைக்குமா?

நள்ளிரவு மணி 2.

பெங்களூரில் இருந்து சேலத்துக்கு ஒரு கார் போய்க் கொண்டு இருக்கிறது. காரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம்.

காரிமங்கலத்தைத் தாண்டியதும் "டக்" என்று ஒரு சத்தம். கார் நின்று விட்டது!

சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகுகிறது. வண்டி நகரவில்லை. இரண்டு பக்கமும் இருட்டு. லாரிகள் "விர்" என்று பறக்கின்றன. சின்னக் குழந்தை அழத் தொடங்குகிறது.

இப்போது அந்தக் குடும்பத்துக்கு யார் வேண்டும்? டாக்டர் வேண்டாம். போலீஸ் வேண்டாம். காரைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும்! அதை ஓட்டி வர, நம்பத்தக்க ஒரு மனிதன் வேண்டும்!

அந்த மனிதனின் தொழிலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

மலையும் சாலையும்

காரிமங்கலம், தர்மபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு தாலுகாவின் தலைமை ஊர். ஊருக்கு அடையாளம் மலைக்கோவில். மலையின் மேல் இருந்து பார்த்தால் சாலை தெரியும். சாதாரணச் சாலை அல்ல அது. காஷ்மீரில் உள்ள ஸ்ரீநகரில் புறப்பட்டு, கன்னியாகுமரி வரை வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை!

முன்பு இதற்கு 7-ம் எண் என்று பெயர். வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எண் மாறினாலும் சாலை மாறவில்லை.

வடக்கே போனால் கிருஷ்ணகிரி. அங்கே சென்னையில் இருந்து வரும் சாலை வந்து சேருகிறது. அதையும் தாண்டினால் ஓசூர், பெங்களூர். தெற்கே சுமார் 25 கிலோ மீட்டரில் தர்மபுரி. அதற்கும் அப்பால் தொப்பூர் கணவாய், சேலம்.

பெங்களூருக்கும் தென் மாவட்டங்களுக்கும் போகிற, வருகிற கார்களில் பெரும் பகுதி இந்த வழியாகத்தான் போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொல்ல வேண்டியதே இல்லை. ஆயிரக்கணக்கில் கார்கள் ஓடினால், அவற்றில் சில நிற்கத்தானே செய்யும்?

நிற்கிற ஒவ்வொரு காரும் ஒருவருக்குத் துன்பம். இன்னொருவருக்கு வேலை. துன்பத்தைத் தீர்த்து, நியாயமான கூலி வாங்குகிறவன் பாவி அல்ல. நோய் வந்தவனுக்கு மருந்து கொடுப்பவனும் கூலி வாங்கத்தான் செய்கிறான்.

முதன் முதலில் செய்தவர்

காரை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் விண்டன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகருக்குப் போய், சைக்கிள் செய்து விற்றார். 1897-ம் ஆண்டு மோட்டார் கார் கம்பெனி தொடங்கினார்.

1898-ல் கார் விற்கத் தொடங்கியதும் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. வாங்குகிறவர் தொலைவில் இருக்கிறார். காரை அங்கே வரை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் என்ன ஆகும்? டயர் தேயும். வர்ணம் உரியும். புதுக் கார் பழைய கார் ஆகிவிடும்!

விண்டன் யோசித்தார். ஒரு காரின் பின்பக்கத்தில் ஒரு தட்டு வண்டியைக் கோத்தார். அந்தத் தட்டின் மேல் புதுக் காரை ஏற்றினார். கார் கார் மேல் சவாரி செய்தது!

இன்று சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருந்து, எட்டுப் பத்துக் கார்களைச் சுமந்துகொண்டு நீளமான லாரிகள் புறப்படுகின்றன. ரெயிலிலும் கார்கள் போகின்றன. பழைய பயணிகள் பெட்டிகளை மாற்றி அமைத்து, அதற்குள் கார்களை ஏற்றுகிறார்கள். இவை எல்லாம் விண்டனின் தட்டு வண்டிக்குப் பேரப்பிள்ளைகள்.

ஓடைக்குள் விழுந்த கார்

பழுதான காரைத் தூக்கும் வண்டி பிறந்த கதை வேறு. அது ஒரு ஓடைக்குள் பிறந்தது!

அமெரிக்காவில் சட்டனூகா என்று ஒரு நகரம். அங்கே எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் மோட்டார் பட்டறை வைத்து இருந்தார். 1916-ம் ஆண்டு ஒரு நாள் அவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். ஜான் வைலி என்று பெயர். அவருடைய போர்டு கார் ஓடைக்குள் தலைகீழாக விழுந்து விட்டது.

ஹோம்ஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கயிறு, கட்டை, கப்பி எல்லாம் கொண்டு போனார். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். எட்டு மணி நேரம் இழுத்தார்கள். அதன் பிறகுதான் கார் கரை ஏறியது!

வேறு யாராக இருந்தாலும், வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்து இருப்பார்கள். ஹோம்ஸ் படுக்கவில்லை. "ஆறு பேர் எட்டு மணி நேரம் செய்த வேலையை, ஒரு எந்திரம் செய்யாதா?" என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

1913-ம் ஆண்டில் செய்த ஒரு பழைய காடிலாக் காரை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் மூன்று கம்பங்களை நிறுத்தினார். ஒரு கப்பியும் சங்கிலியும் மாட்டினார். காரைத் தூக்கும் வண்டி தயார்!

அதைத் திருத்தித் திருத்தி, காப்புரிமையும் வாங்கினார். பின்னர் அவருடைய கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்கே மீட்பு வண்டிகளைச் செய்து கொடுத்தது. சட்டனூகா நகரில் இன்று இந்தத் தொழிலுக்கு என்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோம்ஸ் கோடீசுவரர் அல்ல. ஒரு பட்டறைக்காரர். அவர் போட்ட முதல், ஒரு பழைய கார், மூன்று கம்பம், ஒரு சங்கிலி. அவ்வளவுதான்!

எந்த வண்டி வாங்குவது?

காரிமங்கலத்து இளைஞருக்கு இப்போது பல வண்டிகள் கண்ணில் படும்.

2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியை மக்கள் "குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கிறார்கள். தக்காளிக் கூடை ஏற்ற நல்ல வண்டி. ஆனால் கார் ஏற்ற உதவாது. குட்டி யானை மேல் பெரிய யானையை ஏற்றலாமா?

அதற்கு அடுத்தது பிக்கப். மகிந்திரா பொலிரோ பிக்கப், ஓசூரில் செய்யப்படும் அசோக் லேலண்டு தோஸ்த் போன்றவை இந்த ரகம். ஒன்றேகால் டன் முதல் இரண்டு டன் வரை சுமக்கும் பிக்கப்கள் இருக்கின்றன. அதற்கும் மேலே டாடா 407, ஐச்சர் போன்ற சிறு லாரிகள்.

பிக்கப்பில் கார் ஏற்றலாம். ஆனால் எல்லாக் காரையும் ஏற்ற முடியாது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 1,700 கிலோ சுமக்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் கார் ஏற இரும்புத் தட்டு, சாய்வுப் பலகை, இழுக்கும் விஞ்சு எல்லாம் பொருத்த வேண்டும். இவற்றின் எடை 500 கிலோ ஆகிவிட்டால், மீதி 1,200 கிலோதான்.

சின்னக் காரின் எடை 750 கிலோ முதல் 900 கிலோ வரை. அது தாராளமாக ஏறும். ஆனால் இன்னோவா போன்ற பெரிய கார் 1,800 கிலோவை ஒட்டி இருக்கும். அதை ஏற்றினால் பிக்கப்பின் அச்சு முறியும். பிரேக் பிடிக்காது.

நீளமும் பார்க்க வேண்டும். பிக்கப்பின் தட்டு 9 அடி, 10 அடிதான். சின்னக் காரோ 11 அடி முதல் 13 அடி வரை இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 8 அடி. ஆகவே நாலு சக்கரமும் தட்டில் நிற்கும். மூக்கும் வாலும் வெளியே நீளும். எவ்வளவு நீளலாம் என்பதற்கு அளவு உண்டு. பாடி கட்டும் முன்பே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு கேட்டால், கட்டியதை வெட்ட வேண்டி வரும்.

பெரிய காருக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது? "என் வண்டி தாங்காது. சிறு லாரி வைத்து இருப்பவரை அனுப்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு வாடகை போகும். ஆனால் வண்டி மிஞ்சும். உயிர் மிஞ்சும். அந்தச் சிறு லாரிக்காரர், அடுத்த முறை ஒரு சின்னக் காரை இவருக்கு அனுப்புவார்.

ஏற்றுவது எப்படி?

பழுதான காரை ஏற்றுவது ஒரு கலை. அவசரப்பட்டால் கார் கீழே வரும்.

முதலில் பிக்கப்பைச் சமதரையில் நிறுத்த வேண்டும். கைப்பிரேக் போட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகு சாய்வுப் பலகையை இறக்கி, விஞ்சின் கம்பிக் கயிற்றைக் காரின் கொக்கியில் மாட்ட வேண்டும்.

கயிறு இழுக்கும்போது அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது. இறுகிய கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டை போல் வீசும். கை போகும், கால் போகும்.

கார் மேலே ஏறியதும் கியரில் போட்டு, கைப்பிரேக் போட வேண்டும். நாலு சக்கரத்தையும் பட்டை நாடாவால் தட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். 5 கிலோ மீட்டர் போனதும் நிறுத்தி, நாடா தளர்ந்து இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். வண்டி குலுங்கக் குலுங்க முடிச்சு நெகிழும்.

சிலர் காரைத் தட்டில் ஏற்றாமல், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லாக் காருக்கும் அது ஆகாது. ஆட்டோமாட்டிக் கியர் காரை, என்ஜினோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பெட்டி கெட்டுப் போகும். மின்சாரக் காரும் அப்படியே. நாலு சக்கரமும் மேலே இருக்கும்படி ஏற்றுவதுதான் நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சென்னையில் 2015-ம் ஆண்டிலும், 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது, ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. தூக்கும் வண்டிக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட காரைக் கண்டால் "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பக் கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே உள்ள தண்டு வளைந்து போகும். சின்னச் செலவு பெருஞ் செலவாகி விடும்.

ஏற்றிய காருக்குள் யாரையும் உட்கார வைக்கவும் கூடாது. "குழந்தை தூங்குகிறது, இருக்கட்டுமே" என்பார்கள். இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லி விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் என்றாலே சிலருக்குப் பயம். தெரிந்துகொண்டால் பயம் இல்லை.

லைசென்சு: மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள வண்டி, இலகு ரக வண்டி. கார் ஓட்டும் இலகு ரக லைசென்சு வைத்து இருப்பவர், அந்த எடை வரை உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது.

பர்மிட்: சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவை இல்லை என்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு மேல் போனால், அலுவலகத்தில் கேட்டு முறையாகச் செய்ய வேண்டும்.

மாற்றம்: கம்பெனி கொடுத்த வண்டியில் தன் இஷ்டப்படி மாற்றம் செய்யக் கூடாது. தட்டும் விஞ்சும் பொருத்தினால், அதற்கு ஒப்புதல் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். எப்.சி.யும் தவறக் கூடாது.

அதிகப் பாரம்: 2019-ல் திருத்திய சட்டப்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20 ஆயிரம் ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம். ஒரு தடவை மாட்டினால், அந்த மாத வருமானம் போச்சு!

இன்சூரன்சு: மூன்றாம் நபர் இன்சூரன்சு கட்டாயம். ஆனால் அது மேலே ஏற்றிய காருக்கு ஆகாது. பிறர் காரை ஏற்றும் தொழில் என்று கம்பெனியிடம் சொல்லி, அதற்கும் சேர்த்து எடுக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க் கார் கீழே விழுந்தால், கையில் இருந்து கொடுக்க யாரால் முடியும்?

நகையை வைக்கலாமா?

தொழில் என்றால் முதல் வேண்டும். முதல் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது மனைவியின் கழுத்தில் இருக்கிறது.

எந்த வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"உன் நகையைக் கொடு. பேங்கில் வைத்து வண்டி எடுத்துவிடுகிறேன். ஒரே வருஷத்தில் திருப்பித் தருகிறேன்."

"ஏங்க, வண்டி ஓடவில்லை என்றால்?"

"ஏன் ஓடாது? எத்தனை கார் போகுது, நீயே பார்க்கிறாயே!"

"போகிற காரை எண்ணாதீங்க. நிற்கிற காரை எண்ணுங்க. அதில் நம்மைக் கூப்பிடுகிற காரை எண்ணுங்க!"

அந்த மனைவி கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் நகை கழுத்தை விட்டு இறங்க வேண்டும்.

கடன் வாங்க வேறு வழிகளும் இருக்கின்றன. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிறு தொழிலுக்குப் பாங்கிகள் சொத்து ஈடு இல்லாமல் கடன் கொடுக்கின்றன. தர்மபுரியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால், மானியத் திட்டங்களைச் சொல்வார்கள்.

பழைய வண்டி வாங்கியும் தொடங்கலாம். பழைய லாரிக்கு யாரும் கடன் கொடுக்காத காலம் ஒன்று இருந்தது. ஆர். தியாகராஜன் என்பவர் 1974-ல் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் ஸ்ரீராம் நிறுவனத்தைத் தொடங்கினார். லாரி டிரைவர்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி 1979-ல் பிறந்தது. "ஏழை டிரைவர் திருப்பிக் கட்டமாட்டான்" என்று மற்றவர்கள் சொன்னார்கள். "கட்டுவான்" என்று இவர் நம்பினார். டிரைவர்கள் கட்டினார்கள்! கம்பெனி வளர்ந்தது. 2013-ல் அவருக்கு மத்திய அரசு பத்மபூஷன் பட்டம் கொடுத்தது.

கடன் கெட்டது அல்ல. கணக்கு இல்லாத கடன்தான் கெட்டது.

23-வது நடை

இதோ ஒரு மாதிரிக் கணக்கு. தொகை ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். வழி ஒன்றுதான்.

8 லட்சம் ரூபாய்க் கடன், 5 வருஷத் தவணை, பத்து சதவீத வட்டி என்றால், மாத டியூ சுமார் 17,000 ரூபாய்.

இன்சூரன்சுக்கு மாதம் 3,400 எடுத்து வைக்க வேண்டும். டயருக்கும் பழுதுக்கும் 5,000. போன், வண்டி நிறுத்தும் வாடகைக்கு 1,000.

மொத்தம் 26,400 ரூபாய். வண்டி ஓடினாலும், ஓடாவிட்டாலும் இது போய்த்தான் தீரும்.

இனி வரவு. ஒரு நடைக்கு, டீசலும் சுங்கமும் போக 1,200 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் 22 நடையும் வண்டிக்கே சரி. 23-வது நடையில் இருந்துதான் வீட்டு அரிசிப் பானைக்கு!

மாதம் 15 நடைதான் கிடைக்கிறது என்றால்? 8,400 ரூபாய் கையில் இருந்து போக வேண்டும். நாலு மாதம் இப்படிப் போனால், நகை ஏலத்துக்கு வரும்.

ஆகவே வண்டி வாங்கும் முன்பு மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, ஆறு மாத டியூவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டு, நகை முழுவதையும் வைக்கக் கூடாது. மூன்று, மாதம் 23 நடைக்கு மேல் எங்கிருந்து வரும் என்று பேர் எழுதிப் பார்க்க வேண்டும். பேர் எழுத முடியாவிட்டால், இன்னும் காலம் வரவில்லை என்று அர்த்தம்.

காலி வண்டியையும் மறக்கக் கூடாது. தர்மபுரிக்குக் காரை இறக்கிவிட்டு வரும்போது வண்டி காலியாகத்தான் வரும். டீசல் காலிக்கும் எரியும். "போக 25, வர 25, மொத்தம் 50 கிலோ மீட்டர்" என்று சேர்த்துத்தான் வாடகை சொல்ல வேண்டும். அதையும் காரை ஏற்றும் முன்பே சொல்ல வேண்டும். நடுராத்திரியில், குழந்தையோடு நிற்பவரிடம், ஏற்றிய பிறகு இரட்டிப்பாகக் கேட்பவன் தொழில்காரன் அல்ல!

வேலை எங்கே கிடைக்கும்?

சாலையில் நிற்கும் காரை மட்டும் நம்பினால் பற்றாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பட்டறைகளுக்கு நேரில் போய், வண்டி நம்பரையும் போன் நம்பரையும் கொடுக்க வேண்டும். பழைய கார் வாங்கி விற்பவர்களுக்கு அடிக்கடி வண்டி தேவைப்படும். கார் விற்கும் கடைகள் புதுக் காரை ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பும். விண்டன் செய்த அதே வேலை! வழியில் உதவி செய்யும் கம்பெனிகளும், இன்சூரன்சு கம்பெனிகளும் ஊருக்கு ஊர் வண்டிக்காரர்களைப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அங்கே வேலை நிச்சயம். ஆனால் பணம் கைக்கு வர நாள் ஆகலாம். எத்தனை நாளில் வரும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கார் இல்லாத நாளில் என்ன செய்வது? தட்டின் மேல் பக்கப் பலகை மாட்டிக் கழற்றும்படி பாடி கட்டினால், மற்றச் சரக்கும் ஏற்றலாம். காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. பக்கத்தில் பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட். வண்டி சும்மா நிற்க வேண்டியது இல்லை. இதையும் ஆர்.சி. புத்தகத்துக்கும் இன்சூரன்சுக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும்.

எந்தக் காரை ஏற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஏற்றும் முன்பு நாலு பக்கமும் போனில் படம் எடுக்க வேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா, கீறல் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால், "என் காரில் கீறல் விழுந்து விட்டது" என்று சண்டை வரும். திருட்டுக் கார் என்றால், போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டி வரும்.

தொப்பூர் இறக்கம்

தர்மபுரியைத் தாண்டிச் சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் என்றாலே வயிற்றில் புளி கரையும். நீண்ட இறக்கம். வளைவு. எத்தனையோ விபத்துகளைக் கண்ட இடம் அது.

இறக்கத்தில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் விடுகிறார்கள். வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்ஜினின் பலம் போய்விடுகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடாகிறது. பிறகு மிதித்தாலும் பிடிக்காது!

தலையில் காரைச் சுமந்து போகும் பிக்கப்புக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாரம் உயரத்தில் இருப்பதால், வளைவில் சாயப் பார்க்கும். சின்ன கியரில், நிதானமாக இறங்க வேண்டும். மிச்சமாகும் டீசல் அரை லிட்டர். அதற்கு உயிரை விலையாகக் கொடுக்கலாமா?

சாலை ஓரத்தில் நிற்கும் உயிர்

இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து ஓட்டும்போது இல்லை. நிற்கும்போது இருக்கிறது!

குனிந்து கொக்கி மாட்டுகிறவனை, தூங்கி வழியும் லாரி டிரைவர் பார்க்கமாட்டார். சட்டனூகாக் காட்சிசாலைக்கு வெளியே ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. இந்த வேலை செய்யும்போது இறந்தவர்களுக்காக எழுப்பியது அது. ஹோம்சின் ஊரில் பெருமைக்கு ஒரு காட்சிசாலை. கண்ணீருக்கு ஒரு சுவர்!

ஆகவே ஒளி வீசும் சட்டை போடாமல் இறங்கக் கூடாது. சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். விளக்கு மினுக்க வேண்டும். சாலைப் பக்கம் நிற்காமல், ஓரப் பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும்.

கார் நின்றுபோன குடும்பத்தாரும் இதை நினைவில் வைக்க வேண்டும். காருக்குள்ளும் உட்கார வேண்டாம். காருக்குப் பின்னாலும் நிற்க வேண்டாம். தடுப்புக்கு அப்பால் தள்ளிப் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற நம்பரில் கூப்பிடலாம். அடிபட்டு இருந்தால் 108.

விடிந்தது

முதலில் பார்த்த குடும்பத்துக்கு என்ன ஆகி இருக்கும்?

தொழில் தெரிந்த பிக்கப்காரர் வந்து இருந்தால், இப்படித்தான் நடந்து இருக்கும். அவர் முதலில் விளக்கைப் போடுவார். குழந்தைகளைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்வார். வாடகை இவ்வளவு என்று சொல்வார். காரை ஏற்றிக் கட்டுவார். பிக்கப்பின் முன் சீட்டில் நாலு பேரைத் திணிக்கமாட்டார். தெரிந்த ஒரு டாக்சிக்குப் போன் போட்டு, அந்தக் குடும்பத்தைச் சேலத்துக்கு அனுப்பி வைப்பார்.

"நீங்க கல்யாணத்துக்குப் போங்கம்மா. கார் தர்மபுரிப் பட்டறையில் பத்திரமாக இருக்கும்" என்பார்.

முகூர்த்தத்துக்கு முன்பே அவர்கள் பந்தலில் இருப்பார்கள். அங்கே பத்துப் பேரிடம் அந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரும் அவருடைய போன் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள்.

23-வது நடை அப்படித்தான் வரும். விளம்பரப் பலகையால் வருவது கொஞ்சம். நல்ல பேரால் வருவதுதான் மிகுதி.

வீட்டில் காத்து இருக்கும் மனைவியின் கழுத்துக்கு நகை திரும்பி வருவதும் அந்த வழியாகத்தான்!